எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்ல ஊரே திரண்டு வருகிறது. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, கட் ஆஃப் எவ்வளவு என்று மே மாதம் முழுக்க இதே பேச்சு. பதினெட்டு வயது நிறைகிற நாளில் அவர்களுடைய கையெழுத்துக்கு வந்துசேரும் கனத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அதற்கு முன்பு போட்டது எந்த ஒப்பந்தத்திலும் செல்லாது. அன்றுமுதல் செல்லும்.

வங்கியில் கல்விக்கடனுக்கு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. தாள்களை நீட்டியதும் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "எங்க சார் கையெழுத்துப் போடணும்?" பன்னிரண்டு வருஷம் சொன்ன இடத்தில் சொன்னதை எழுதப் பழக்கியது நாம்தானே. தமிழ்வழியில் படித்தவர்கள் முன்னால் பக்கம் பக்கமாக ஆங்கிலம் கிடக்கிறது. புரியவில்லை என்று சொல்லக் கூச்சம். கூட வந்திருக்கும் அப்பாவுக்கு அதைவிடக் கூச்சம். இணைக் கடனாளியாக அவரும் கையெழுத்துப் போடுகிறார்.

வருஷத்துக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு வருஷம் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் வட்டி, பணம் கைமாறிய நாளிலிருந்தே ஓடுகிறது. பள்ளியில் போட்ட தனிவட்டிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 10 சதவீதம் என்றால், முதல் தவணை கட்டும் நாளில் 4 லட்சம் 5 லட்சத்து 40 ஆயிரமாக நிற்கும். வட்டி மானியம் நமக்குக் கிடைக்குமா என்பதை விண்ணப்பிக்கும்போதே கேட்க வேண்டும். கடன் வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கடனால் படித்து நிமிர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. தெரிந்து வாங்குங்கள் என்கிறேன்.

வங்கியில் மட்டுமல்ல, கல்லூரியிலும் கவனம் வேண்டும். அங்கே மூலச் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால், சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்திருப்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு வலை, இவற்றைவிடக் கொடியது. "உன் பேங்க் அக்கவுண்டைக் குடு, மாசம் ரெண்டாயிரம் தரேன்" என்று யாராவது கேட்பார். தெரிந்த அண்ணனாகவே இருப்பார். எங்கோ ஒரு முதியவரை ஏமாற்றிப் பறித்த பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கில் பெயர் உள்ளவரைத்தான். ஏடிஎம் கார்டையும் சிம்மையும் எவரிடமும் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது, நண்பன் கேட்கும் ஜாமீன். "சும்மா ஒரு கையெழுத்துடா" என்பான். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, கடன் வாங்கியவன் எவ்வளவுக்குப் பொறுப்போ அவ்வளவுக்கு ஜாமீன்தாரரும் பொறுப்பு. அவன் கட்டாவிட்டால் வங்கி நேரே உங்களிடம் வரலாம். முடியாது என்று சொன்னால் அவன் கோபிப்பான், சில நாள் பேசமாட்டான். அது வலிக்கும். வலித்தாலும் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். நாளை பார்க்கலாம் என்று இழுத்தடிக்காதீர்கள். கையில் இருப்பதில் முடிந்ததைக் கொடுத்து உதவுங்கள்.

வங்கியில் தாளை நீட்டினால், "தமிழ்ல சொல்லுங்க சார், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிச்சிட்டு நாளைக்கு வரேன்" என்று கேளுங்கள். கையெழுத்திட்ட கடன் ஒப்பந்தத்தின் நகல் ஒன்றைக் கடன் வாங்குபவருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. அதைக் கேட்டு வாங்காமல் நாற்காலியை விட்டு எழாதீர்கள்.