நாம் பட்ட பாடு

ஒரு நிறுவனத்தின் குணத்தை அறிய அதன் இலாப நஷ்டக் கணக்கைப் புரட்ட வேண்டியதில்லை. அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுடைய முதல் நாள் எப்படிக் கழிகிறது என்று பார்த்தாலே போதும்.

பெரும்பாலும் அது எப்படிக் கழிகிறது? நியமன உத்தரவைக் கையில் வைத்துக் கொண்டு அவன் நிற்கிறான். எங்கே உட்காருவது, யாரிடம் கேட்பது, குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. மற்றவர்கள் ஓரக் கண்ணால் பார்த்துவிட்டுத் தங்கள் வேலையில் ஆழ்ந்து விடுகிறார்கள். சாப்பாட்டு வேளையில் ஒருவர் அருகே வந்து அமர்கிறார். ஆறுதல் சொல்லவா? இல்லை. மேலதிகாரியின் கோபத்தைப் பற்றியும், இதே நாற்காலியில் இருந்து மூன்றே மாதத்தில் ஓடிப் போனவனைப் பற்றியும் கதை சொல்கிறார். "நாங்கள் எல்லாரும் பட்டுத்தான் தெரிந்து கொண்டோம், தம்பி!" என்று எழுந்து போகிறார்.

தான் பட்ட துன்பத்தைப் பின்னால் வருகிறவனும் பட வேண்டும் என்று மனிதன் ஏன் விரும்புகிறான்? மாமியாரும் ஒரு வீட்டு மருமகள்தான் என்பார்கள். அன்று புகுந்த வீட்டில் உப்புப் பாத்திரம் இருக்கும் இடம் தெரியாமல் கண் கலங்கியவளே, இன்று மருமகள் தேடித் தவிப்பதை வேடிக்கை பார்க்கிறாள். கொடுமை செய்வதாக அவள் நினைப்பதில்லை. பழைய கடன் ஒன்றை வசூலிப்பதாகவே நினைக்கிறாள். ஆனால் கடன்பட்டவள் ஒருத்தி, கொடுக்கிறவள் வேறொருத்தி!

துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்று சிலர் வாதிக்கலாம். உண்மைதான். ஆயினும் உழைப்பின் கடுமை வேறு, அச்சத்தின் கடுமை வேறு. கடினமான வேலை கையைப் பழக்குகிறது. அச்சமோ வாயை மூடிக் கொள்ளத்தான் பழக்குகிறது.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அங்கே மின்னணுச் சுற்றுகளைச் செய்யும் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்களை வேலையைவிடப் பயமே அதிகமாகத் தடுமாறச் செய்தது. பழைய ஊழியர்கள் கதை சொல்லி மிரட்டுவது அந்தப் பயத்தை வளர்த்தது. எனவே பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவை, வழக்கமான இரண்டு மணி நேர அறிமுகத்தோடு வேலைக்கு அனுப்பிவிடாமல், அன்று முழுவதும் உட்கார வைத்துப் பேசினார்கள். சொன்னவை எளிய செய்திகள்தாம்: நீங்கள் தேறிவிடுவீர்கள், மிரட்டல் பேச்சை நம்பாதீர்கள், தயங்காமல் கேளுங்கள், உங்கள் மேற்பார்வையாளர் இப்படிப்பட்டவர், அவரோடு பழகிப் பாருங்கள். 1966-இல் ஹார்வர்டு பிஸினஸ் ரெவ்யூ இதழில் இதன் விளைவு வெளியாயிற்று. வேலை பழகும் காலம் பாதியாகக் குறைந்தது. தாமதமாக வருவதும் வராமல் நிற்பதும் பாதியாயின. வீணாகும் பொருள் ஐந்தில் ஒரு பங்காயிற்று. இன்னொன்றும் தெரிந்தது. மேற்பார்வையாளர்களுக்கும் உள்ளூர அச்சம் இருந்தது! தமக்குத் தெரியாததைக் கீழே இருப்பவர்களிடம் கேட்க அவர்கள் கூசினார்கள்.

இலாபம் வருகிறது என்பதற்காகத்தான் புதியவனிடம் பரிவு காட்ட வேண்டுமா? இலாபமே வராவிட்டாலும் அது நம் கடமைதான் என்பேன். வேறு வாய்ப்புகளை விட்டுவிட்டு, சில வேளை ஊரையும் விட்டுவிட்டு, நம் சொல்லை நம்பி வந்தவன் அவன். அந்த ஒரு நாளில் அவன் ஒன்றும் தெரியாதவன், நாம் எல்லாம் தெரிந்தவர்கள். அவ்வளவு ஏற்றத்தாழ்வான ஒரு நாளில் நாம் நடந்து கொள்ளும் முறைதான் நம் பண்பைக் காட்டுகிறது.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. அவனுக்கென்று ஓர் இடம், அவன் தயங்காமல் கேட்கக் கூடிய ஒரு மனிதர், பகலில் சேர்ந்து சாப்பிட ஒரு துணை, முதல் மாதத்துப் பிழைகளைப் பொறுத்துக் கொள்ளும் மனம் இருந்தால் போதும். அவனுடைய முதல் கேள்விக்கு எரிச்சலில்லாமல் விடை சொல்லுங்கள். நாளைக்கு அவன் கையால் ஒரு பெரிய தவறு நேரும்போது, அதை மறைக்காமல் உங்களிடம் வந்து சொல்லும் துணிவு அவனுக்கு அன்றுதான் பிறக்கிறது.