மலையிலிருந்து இறங்கும் மண்ணுக்கு யார் கணக்குச் சொல்வது?

அயலவனின் வேலியை இரவோடிரவாக இரண்டு முழம் நகர்த்திப் போடுபவனை நாம் தயங்காமல் கள்வன் என்போம். ஊரும் அப்படியே சொல்லும். நீதிமன்றமும் அப்படியே சொல்லும். ஆனால் ஒருவனுடைய மலைச்சரிவிலிருந்து மழையோடு இறங்கிய மண், ஐந்து கட்டைக்கு அப்பால் இன்னொருவனுடைய வயலை மூடிவிட்டால்? அல்லது அவன் இறந்து ஐம்பது வருடங்களின் பின், அவன் பெயரையே அறியாத ஒருவருடைய வாய்க்காலை அடைத்துவிட்டால்? அங்கே கள்வன் யார்? கடனாளி யார்? அன்பான வாசகர்களே, இது படிப்பாளிகள் பொழுதுபோக்குக்காக எழுப்பும் கேள்வி என்று எண்ணிவிடாதீர்கள். எமது மலையகத்தின் ஒவ்வொரு சிற்றோடையிலும் இந்தக் கேள்வி நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் மண் எப்படி இறங்குகிறது என்பதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். விளங்காமலே பழி சுமத்துவது மிகவும் எளிது. மழைத்துளி வெறுந்தரையில் விழும்போது ஒரு சிறு சம்மட்டியைப் போல அடிக்கிறது. மண்மணிகள் தெறித்துச் சிதறுகின்றன. நுண்ணிய துகள்கள் மண்ணின் துவாரங்களை அடைத்துக்கொள்கின்றன. உள்ளே இறங்க வழியற்ற நீர் மேலே ஓடத் தொடங்குகிறது. முதலில் துணி விரித்தாற்போல மெல்லிய படலம், பிறகு விரலளவு கோடுகள், பிறகு ஆள் இறங்கக்கூடிய பள்ளங்கள். தரையில் சருகும் புல்லும் கிடந்தால் அந்த முதல் அடியே மண்ணில் விழுவதில்லை.

1980களில் இந்நாட்டில் எடுக்கப்பட்ட அளவீடுகளில், மண்காப்பு இல்லாத பழைய தேயிலை மலைகளில் ஒரு ஹெக்டேயரிலிருந்து வருடத்துக்கு 40 தொன் அளவு மண் போனதாகவும், மரங்கள் நெருங்கிய கண்டி வீட்டுத்தோட்டங்களில் அது ஒரு தொன்னைக்கூட எட்டவில்லை என்றும் கண்டார்கள். 40 தொன் என்றால் பெருந்தொகையாகத் தோன்றும். அதை அந்த ஹெக்டேயர் முழுவதிலும் பரப்பிப் பாருங்கள்; மூன்று மில்லிமீற்றர்தான். இரண்டு காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த தடிப்பு. எந்தத் துரையும் எந்தத் தொழிலாளியும் ஒரு வருடத்தில் அதைக் கண்ணால் காணமாட்டார். நாற்பது வருடங்களில் பன்னிரண்டு சென்ரிமீற்றர் போய், செடியின் வேர் வெளியே தெரியும். அப்பொழுது முதல் வருடத்துத் துரை சீமையில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்பார்.

இறங்கிய மண் எல்லாம் உடனே கடலுக்குப் போய்விடுவதுமில்லை. இதுதான் இந்த விடயத்தின் சூட்சுமம். அதில் பெரும்பகுதி சரிவின் அடியிலும், ஓடை வளையும் இடங்களிலும், பாறைகளுக்குப் பின்னாலும், பள்ளத்தாக்கு வயல்களிலும் தங்கிவிடுகிறது. நுண்ணிய களி நீரோடு மிதந்து போகும். மணலும் கூழாங்கல்லும் படுக்கையிலே உருண்டு, வெள்ளம் வடிந்தவுடன் நின்று, அடுத்த பெருவெள்ளத்துக்காகக் காத்துக் கிடக்கும். மாதக்கணக்காகத் தெளிந்து ஓடும் மலையோடை, சில மணிநேர அடைமழையில் அந்த வருடத்துச் சுமையில் பெரும்பங்கைச் சுமந்து போய்விடும். ஆகவே இன்று கலங்கலாக வருவது இன்றைய மண்தான் என்று எவரும் அறுதியிட்டுச் சொல்லமுடியாது. அதில் பாட்டன் காலத்து மண்ணும் இருக்கும். (2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மலைகள் சரிந்து, வெள்ளமும் சேர்ந்து, நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டதை நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அத்தகைய மழையில் காடு மூடிய சரிவும் இடியக்கூடும். எல்லா அழிவையும் மண்ணைக் காக்காதவர் தலையில் கட்டுவதும் நீதியாகாது.)

பாட்டன் காலம் என்றேன். 1830களிலிருந்து கோப்பிக்காக மலைக்காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. 1870களில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் கோப்பி நின்றது. 1869இல் தோன்றிய இலைநோய் அந்தப் பயிரை மெல்ல மெல்லத் தின்று தீர்க்க, 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1873இல், லண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் தலைவரான ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளை விட்டுவைக்க வேண்டும் என்று அறிவுரை கூறினார். அது ஓரளவு பலித்தது. அதற்குக் கீழே பெரும்பகுதி ஏற்கெனவே போயிருந்தது.

தேயிலை மலையில் ஒரு புல்லும் நிற்கக்கூடாது என்பது அக்காலத் துரைமாரின் பெருமை. அதற்கென்றே சுரண்டி என்றொரு கருவி. புல்லோடு மேல்மண்ணையும் அது வழித்துக்கொண்டு வரும். தென்னிந்தியாவிலிருந்து வந்த எம்மவர் கையில் அந்தச் சுரண்டி கொடுக்கப்பட்டது. சுரண்டினால் பேர் விழும், சுரண்டாவிட்டால் விழாது.

இனி மலையின் அடிவாரத்துக்கு வருவோம். 1976இல் கண்டிக்கருகே மகாவலி கங்கைக்குக் குறுக்கே பொல்கொல்லை அணைக்கட்டு திறக்கப்பட்டது. அங்கிருந்து ஐந்து கட்டை நீளமான சுரங்கத்தின் வழியே நீர் வடக்கே வறண்ட பிரதேசத்துக்குத் திருப்பப்படுகிறது. பன்னிரண்டு வருடங்களுக்குள், 1988 அளவில், அந்தச் சிறிய தேக்கத்தின் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வண்டல் நிரம்பிவிட்டது. 1990இல் முடிக்கப்பட்ட ரந்தம்பைக்கு, உமா ஓயா வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களின் மண்ணைக் கொண்டுவந்து சேர்க்கிறது. வாய்க்கால் நீரை எதிர்பார்த்து வயல் வரம்பில் நிற்கும் விவசாயி சுரண்டியைக் கண்டவரல்லர். கொட்டியாரக் குடாவில் கங்கை கடலோடு கலக்கும் இடத்தில் வலை வீசுபவரும் அப்படியே.

சரி, யார் கணக்குச் சொல்வது? மண்ணைக் கிளறிய கைதான் என்பது சட்டென்று வரும் பதில். இதை நான் அடியோடு மறுக்கிறேன். ஒருவர் தம் செயலுக்குப் பொறுப்பாளி ஆவதற்கு, அதன் விளைவை அறியக்கூடிய நிலையும் வேறுவிதமாகச் செய்யக்கூடிய உரிமையும் வேண்டும். விளைவைத் தொழிலாளி அறிந்தே இருந்திருப்பார். மழைநாளில் மலையிலே நின்றவர் அவர்தானே. ஆனால் வேறுவிதமாகச் செய்யும் உரிமை அவருக்கு எங்கே இருந்தது? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு நாட்டில் இருக்கும் உரிமையே பறிபோனது. தாம் குடியிருக்கும் லயத்துக்கும் அதைச் சுற்றியுள்ள நாலு முழ நிலத்துக்கும் பெரும்பாலானோரிடம் இன்றும் உறுதி கிடையாது. காணி இல்லாதவர்மீது காணியின் கடனைச் சுமத்துவது எந்த நியாயத்தில் சேர்த்தி?

இன்னொரு பதில் சற்று நாகரிகமானது. ஆகவே அதிக ஆபத்தானது. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் செய்தார்கள், யாருடைய மண் எது என்று பிரிக்க முடியாது, எனவே எவரையும் கேட்கமுடியாது என்பது அது. இந்த வாதம் ஒருமுறை நீதிமன்றத்திலேயே பரீட்சிக்கப்பட்டது. அதைக் காண அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குப் போகவேண்டும். 1850களிலிருந்து அங்கே பொன் தேடியவர்கள் பெருங்குழாய்களால் நீரைப் பீய்ச்சி மலைகளையே கரைத்தார்கள். கரைந்த மண்ணும் கல்லும் மலையோடைகள் வழியாக யூபா ஆற்றில் இறங்கி, கீழேயிருந்த மேரிஸ்வில் நகரையும் விளைநிலங்களையும் அச்சுறுத்தின. விவசாயிகள் வழக்காடினார்கள். தனித்தனியே தொழில் செய்யும் கம்பனிகளை ஒரே வழக்கில் சேர்க்கமுடியாது என்று 1879இல் மாநில உயர்நீதிமன்றம் அவர்களைத் திருப்பி அனுப்பியது. அவர்கள் மீண்டும் வந்தார்கள். 1884இல் மத்திய நீதிபதி லொரென்சோ சோயர் அந்த வாதத்தை ஏற்காமல், கழிவு மண்ணை ஆறுகளில் விடுவதைத் தடைசெய்தார்.

எனக்குத் தோன்றுவதை எளிமையாகச் சொல்கிறேன். பல கம்பனிகளின் மண் ஆற்றிலே கலந்தது உண்மை. அவற்றின் இலாபம் எந்த ஏட்டிலும் கலக்கவில்லை. இலாபத்தைப் பங்கிடத் தெரிந்தவர்களுக்கு நட்டத்தைப் பங்கிடும் கணக்கு மட்டும் எப்படி மறந்துபோகும்?

அந்தக் கதையில் இன்னொன்றும் உண்டு. தீர்ப்பு வந்த பின்பும் மேரிஸ்வில்லில் ஆற்றின் படுக்கை ஏறத்தாழ 1905 வரை உயர்ந்துகொண்டே போனது. மேலோடைகளில் தங்கியிருந்த மண் ஓர் அலையைப் போல நகர்ந்து வந்ததை, புவியியலாளர் கில்பர்ட் 1917இல் வெளியான தம் அறிக்கையில் விளக்கினார். குற்றம் நின்ற பின்பும் அதன் சுமை வந்துகொண்டே இருந்தது. எமது தோட்டங்கள் வெள்ளைக்காரக் கம்பனிகளிடமிருந்து 1975இல் அரசிடம் வந்தன. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போனது. ஒவ்வொருவரும் ‘இது என் காலத்தில் நடந்ததன்று’ என்று சொல்லலாம். ஆனால் வாசகர்களே, உங்கள் குடும்பத்து முதுசக் காணியை நினைத்துப் பாருங்கள். உறுதியில் ஈடு இருந்தால், காணியோடு ஈடும் சேர்ந்தே கைக்கு வருகிறது. மாமரத்தின் பழம் எனக்கு, ஈட்டுக் காசு செத்தவருக்கு என்று சொல்பவரை நாம் மதிப்பதில்லை.

எனக்கே எளிதில் பிடிபடாத ஒருவர் இருக்கிறார். ஓடைக்கரையில் அரை ஏக்கரில் லீக்சும் உருளைக்கிழங்கும் போடுபவர். அவருக்கு விளைவு தெரியும். அவரைக் கட்டாயப்படுத்தும் துரையும் இல்லை. ஆனாலும் விதைக்கும் உரத்துக்கும் கடன் இருக்கிறது. கரையிலே ஆறடி விட்டு வைத்தால் அந்த ஆறடி விளைச்சல் போய்விடும். அவரைக் குற்றமற்றவர் என்று சொல்லமாட்டேன். 1951ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம் நிலத்தை வைத்திருப்பவரின் கடமையைத்தான் பார்க்கிறது, அதிலும் நியாயம் உண்டு. ஆயினும் அந்த ஆறடியால் நன்மை பெறுபவர்கள் கீழே இருக்கிறார்கள்: கொத்மலை, விக்ரோறியா மின்சாரத்தில் விளக்கேற்றும் நாமும், மகாவலி நீரில் நெல் விளைவிப்பவரும். நாம் ஒரு சதமும் கொடாமல் அவர் மட்டும் இழக்கவேண்டும் என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மண்ணை மறிக்கும் வழி ஒன்றும் இரகசியமன்று. தோட்டத்தில் அதற்குக் கான் வெட்டு என்று பெயர். சரிவுக்குக் குறுக்கே சமவுயரத்தில் கான் எடுத்து, இடையிடையே தடுப்பு விட்டு வைத்தால், நீர் தேங்கி மண்ணை அங்கே இறக்கிவிட்டுப் போகும். தேங்கிய மண்ணை அள்ளவேண்டும். அள்ளாத கான் நிரம்பி, ஒரே இடத்தில் உடைத்துப் பாய்ந்து, கான் இல்லாத மலையிலும் மோசமான பள்ளத்தை அறுக்கும். அள்ளுவதற்கு ஆள் வேண்டும். ஆளுக்குப் பேர் போடவேண்டும். அந்தப் பேர் தோட்டத்துக் கணக்கேட்டில் கடன் தீர்த்ததாக எழுதப்படுவதில்லை, செலவாகவே எழுதப்படுகிறது. தேயிலை விலை விழும் வருடத்தில் செலவைக் குறைக்க உட்காருபவர்களுக்கு, கொழுந்து பறிப்பவரைவிடக் கான் அள்ளுபவரை நிறுத்துவது சுலபம்.