ஆணையும் அறமும்

கடமை தவறாமை உயர்ந்த பண்பு என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இராது. ஆயின், ஆணை பிறந்த காரணமே மறைந்துபோன பின்னரும் அவ்வாணையை நிறைவேற்ற முனைந்து நிற்பவனை என்னென்பது? இவ்வினாவை நம்முன் எழுப்பியவை அறநூல்கள் அல்ல. அமெரிக்க நாட்டில் தோன்றிய போர்சார்ந்த அறிவியல் புனைகதைத் தொகுப்புகள் சிலவே. பொழுதுபோக்கு எழுத்து எனக் கற்றோர் ஒதுக்கிவிடும் இனம் அது. ஒதுக்குவதில் ஓரளவு நியாயமும் உண்டு. அவற்றில் வெடியோசை சற்று மிகுதிதான்.

கீத் லாமர் அமெரிக்க விமானப்படையிலும் வெளியுறவுத் துறையிலும் பணியாற்றியவர். 1960 முதல் அவர் எழுதிய சில கதைகளில் ‘போலோ’ என்னும் போர் இயந்திரங்கள் வருகின்றன. குன்றனைய டாங்கிகள் அவை, தாமே சிந்திப்பவை, தம் படைப்பிரிவின் மானத்தையே உயிரெனக் கொண்டவை. 1976இல் இக்கதைகள் ஒரே நூலாயின. 1993இல் லாமர் மறைந்தார். அவ்வாண்டிலேயே, எழுத்தாளர் பலர் அவருடைய கதையுலகில் புகுந்து எழுதிய ‘ஹானர் ஆஃப் தி ரெஜிமென்ட்’ என்னும் தொகுப்பு வெளிவந்தது; பின்னர் மேலும் சில தொடர்ந்தன. ஒருவர் வகுத்த உலகில் மற்றவர் எழுதப் புகுந்தால் அவ்வுலகின் இயல்புக்கு அடங்கியே எழுத வேண்டும். போலோ தன் மக்களைக் காட்டிக்கொடுக்காது என்பது அங்கே எழுதாச் சட்டம் போன்றது. இயந்திரம் தன்னைப் படைத்தோர் மீதே திரும்பிவிடுமோ என அஞ்சி மனிதர் அதன் அறிவுக்குத் தளையிட்ட செய்தியும் அங்கு உண்டு. நம்பிக்கைக்குரியது இயந்திரமே, ஐயத்திற்குரியவன் மனிதனே என்று சொல்லாமற் சொல்லும் கதைகள் இவை.

இவ்வரிசையில் நம் நெஞ்சைவிட்டு அகலாதது லாமர் 1967இல் எழுதிய ‘தி லாஸ்ட் கமாண்ட்’ என்னும் கதை. போரில் சிதைந்த போலோ ஒன்றை மண்ணுக்கடியில் கான்கிரீட்டால் மூடிப் புதைத்துவிடுகின்றனர். நெடுங்காலம் சென்றபின், கட்டடப் பணிக்காக வைத்த வெடியின் அதிர்ச்சியில் அது விழித்துக்கொள்கிறது. போர் முடிந்ததை அதற்கு அறிவித்தார் எவருமிலர். பகைவர் சூழ்ந்துவிட்டனர் என எண்ணி, எஞ்சிய சிறு ஆற்றலைத் திரட்டி மேலெழுந்து நகரை நோக்கி நகர்கிறது. அதனைத் தடுத்து நிறுத்த வருபவர், அதன் பழைய தலைவராகிய முதியவர் ஒருவர். அதன் உடலிலிருந்து வெளிப்படும் கதிர்வீச்சு தம் உயிரைப் பறிக்கும் எனத் தெரிந்தே அவர் அருகில் செல்கிறார்.

கதையைப் படித்து முடிக்கையில் நம் கண்கள் கலங்குவது உண்மை. யாருக்காகக் கலங்குகின்றன என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த நகரத்து மக்களை நாம் ஏறத்தாழ மறந்தே விடுகிறோம்.

கதை வெளிவந்து ஏழாண்டுகளில் இதற்கு ஒப்பானதொன்று மெய்யாகவே நிகழ்ந்தது. ஜப்பானியப் படை அதிகாரி ஹிரூ ஓனோடா, 1944இன் இறுதியில் பிலிப்பைன்ஸ் நாட்டின் லுபாங் தீவுக்கு அனுப்பப்பட்டவர். 1945இல் போர் முடிந்தது. வானிலிருந்து வீசப்பட்ட துண்டறிக்கைகளை அவர் பகைவரின் சூழ்ச்சி எனத் தள்ளினார். உடனிருந்த மூவருள் ஒருவர் சரணடைந்தார். இருவர் 1954இலும் 1972இலும் சுடப்பட்டு இறந்தனர். 1974 மார்ச்சில் அவருடைய முன்னாள் மேலதிகாரி தனிகுச்சி நேரில் சென்று ஆணையைத் திரும்பப் பெற்ற பின்னரே அவர் வாளை ஒப்படைத்தார். தாயகம் அவரை வீரரென வரவேற்றது. ஆனால் அவ்வாண்டுகளில் தீவின் எளிய மக்கள் பலர், உழவரும் மீனவரும், அவர் குழுவினரின் கையால் மாண்டிருந்தனர். அதிபர் மார்க்கோஸ் அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். இறந்தோரின் குடும்பத்தார் மன்னித்தனரா என்பது வேறு வினா.

உறுதியை நாம் இகழவில்லை. ஓனோடாவின் பொறுமை எவரையும் வியக்கச் செய்யும். எனினும் உறுதிக்கு விலை கொடுப்பவர் உறுதியுடையவராகவே இருப்பதில்லை. அதுவே நம்மை உறுத்துகிறது. இயந்திரத்தின் மீது பழியில்லை என்று விட்டுவிடலாம். போரின் முடிவை அதனிடம் கூறாமல், செலவும் தொல்லையும் மிச்சமென மண்ணை அள்ளி மூடியவர்களுக்கு அவ்விலக்கு உண்டா? ஆணையிடும் உரிமை பெற்றவன், அதனைத் திரும்பப் பெறும் கடமையையும் உடன் பெறுகிறான் அன்றோ?

தானே இலக்கைத் தேர்ந்து தாக்கும் படைக்கலங்களைப் பற்றி 2014 முதல் ஜெனீவாவில் உலக நாடுகள் கூடிப் பேசி வந்துள்ளன. மனிதனின் கட்டுப்பாடு எவ்வளவு வேண்டும் என்பதே அங்கு பெரும் வழக்கு. லாமரின் கதையில் முதியவர் உயிரோடு இருந்தார். போருக்குப் பின் நூல் விற்பனையாளராக வாழ்ந்துகொண்டிருந்த தனிகுச்சியும் உயிரோடு இருந்தார்.