கட்சிக்காரர்

தமிழில் ‘கட்சிக்காரர்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். சட்டத்தரணியிடம் வழக்கை ஒப்படைப்பவரும் கட்சிக்காரர். அரசியல் கட்சியைச் சார்ந்தவரும் கட்சிக்காரர். இரண்டும் ஒன்றாகிவிட்ட ஒரு மனிதரைப் பற்றிச் சில காலமாக யோசித்துக் கொண்டிருக்கிறேன். ஐக்கிய அமெரிக்காவின் பெஞ்சமின் கின்ஸ்பேர்க், குடியரசுக் கட்சியின் தேர்தல் சட்டத்தரணி.

2000ஆம் ஆண்டில் புளோரிடாவில் ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் தரப்பின் சட்டப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களுள் இவரும் ஒருவர். அல் கோருக்குச் செல்வாக்குள்ள மாவட்டங்களில் வாக்குகளைக் கையால் மீள எண்ணுவதை அத்தரப்பு எதிர்த்தது. விதி விதிதான் என்றது. வெளிநாடுகளிலிருந்து படையினரின் வாக்குகள் வந்தபோதோ, தபால் முத்திரை இல்லாதவற்றையும் எண்ணச் சொன்னது. டிசம்பர் 12இல் உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் மீள் எண்ணிக்கையை நிறுத்தியது. வித்தியாசம் 537 வாக்குகள்.

இதிலென்ன குற்றம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். கொலையாளிக்கும் சட்டத்தரணி உண்டல்லவா? கோரின் சட்டத்தரணிகளும் தமக்குச் சாதகமான மாவட்டங்களைத்தானே தெரிந்தெடுத்தார்கள்? மறுக்க முடியாது. ஆனால் கொலை வழக்கில் வாதம் பெரும்பாலும் ஒருவரின் தலைவிதியோடு முடிந்துவிடும். தேர்தல் வழக்கில் பணயம் வைக்கப்படுவது நீதிமன்றப் படியேறாத இலட்சக்கணக்கானோரின் வாக்கு. அவர்களுக்காகப் பேச அங்கே யாரும் அமர்த்தப்படுவதில்லை.

‘எல்லை நிர்ணயம்’ என்றதும் காது கூர்மையாகும் சமூகத்தைச் சேர்ந்தவன் நான். அதனால் 1990களின் தொடக்கத்தில் நடந்ததுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக அமையும் தொகுதிகளை உருவாக்க, அச்சமூகத் தலைவர்களோடு கின்ஸ்பேர்க்கின் கட்சி கைகோத்தது. காங்கிரசில் கறுப்பின உறுப்பினர்கள் கூடினர், நியாயமான பலன். ஆனால் ஜனநாயகக் கட்சியின் உறுதியான ஆதரவாளர்கள் சில தொகுதிகளுக்குள் குவிந்ததால் சுற்றியிருந்த தொகுதிகள் குடியரசுக் கட்சிக்கு எளிதாயின. கணக்கு அதுதான். கெட்ட எண்ணத்தோடு செய்த நற்காரியம் என்பதா? எண்ணத்தைக் கொண்டே செயலை மதிப்பிடப் பழகிய எனக்கு, அதனால் ஆசனம் பெற்றவர்களின் முகங்களைப் பார்க்கையில் அந்த அளவுகோல் போதவில்லை.

2004இல் ஜோன் கெரியின் போர்ச் சேவையைத் தாக்கிய முன்னாள் படையினர் குழுவுக்கும் தாம் ஆலோசனை வழங்கியது வெளியானதும், புஷ்ஷின் பிரசாரத்திலிருந்து விலகினார். சட்டப்படி தவறில்லை, எதிர்த்தரப்பாரும் இதையே செய்கிறார்கள் என்றார். 2012இல் ரொம்னியின் சட்டத்தரணி. மறு ஆண்டு, ஒபாமாவின் சட்டத்தரணி பொப் பவரோடு இணைந்து தேர்தல் நிர்வாக ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். வாக்களிக்க எவரும் அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கலாகாது என்று அந்த ஆணைக்குழு 2014இல் பரிந்துரைத்தது. வாழ்நாளெல்லாம் எதிரெதிரே நின்ற இருவர் சேர்ந்து எழுதிய அறிக்கை அது.

2020 ஓகஸ்டில் ஓய்வு பெற்றார். செப்டெம்பரிலேயே வோஷிங்டன் போஸ்டில் எழுதினார்: பல பத்தாண்டுகள் தேடியும் பரவலான வாக்கு மோசடிக்குத் தம் கட்சியிடம் சான்றில்லை என்று. 2022 ஜூனில், ஜனவரி 6 கலகத்தை விசாரித்த காங்கிரஸ் குழுவின் முன்னும் ட்ரம்ப் தரப்பின் வழக்குகள் நீதிமன்றங்களில் தோற்றதை எடுத்துரைத்தார்.

அந்தச் சொல்லுக்குக் கனம் தந்தது அவருடைய கட்சிப் பற்றுத்தான். நடுநிலையாளர் சொல்லியிருந்தால் யார் பொருட்படுத்தியிருப்பார்? ஆனால் சான்றில்லை என்பது ஓய்வு பெற்ற மாதத்தில் திடீரெனத் தெரியவந்த செய்தியல்லவே. மோசடி, மோசடி என்று அவருடைய கட்சி சொல்லிச் சொல்லி வாக்காளர் அடையாள அட்டைச் சட்டங்களை இயற்றிய ஆண்டுகளில் அவர் இதைச் சொல்லியிருந்தால், ரொம்னி அவரை அமர்த்தியிருப்பாரா?