ஒருமுறைதான் அசல்

2015 பிப்ரவரியில் பாரிஸ் ஏலமொன்றில் 1961ஆம் ஆண்டு ஃபெராரி கலிபோர்னியா ஸ்பைடர் கார் 1.6 கோடி யூரோவைத் தாண்டி விலைபோனது. பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் பல ஆண்டுகள் கிடந்த அதை, தூசியும் மங்கிய பெயிண்டுமாகவே ஏலத்துக்கு வைத்தார்கள். பளபளப்பை எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம். தொழிற்சாலையில் அடித்த பெயிண்டைச் சுரண்டிவிட்டால் எந்தப் பட்டறையாலும் திருப்பித் தர முடியாது. அதற்காக, ஒரு பழைய காரைப் புதுப்பிக்கும்போது வெடித்த டயரையும் இற்றுப்போன பிரேக் ஹோஸையும் அசல் என்று விட்டுவைக்க முடியுமா? ஓட்டப்போகிற காரில் உயிர்தான் முதலில். அவற்றை மாற்றியே ஆகவேண்டும். துரு தின்ற தகட்டையும் வெட்டி ஒட்டத்தான் வேண்டும். ஆனால் தேய்ந்த இருக்கைத் தோலாலும் கீறல் விழுந்த டேஷ்போர்டாலும் யாருக்கும் ஆபத்தில்லை. அவை அந்தக் கார் வாழ்ந்ததற்குச் சாட்சி. எதைக் கழற்றினாலும் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், பெயரெழுதிப் பத்திரப்படுத்துங்கள்.