சும்மா கிடைத்த நண்டு

ஹூஸ்டனுக்கு வேலைக்கு வந்த மறுவருஷம். மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அலுவலகத்தார் ஆறு பேர் ஒரு கேஜன் கடைக்குச் சாப்பிடப் போனோம். தட்டு வரவில்லை. மேசைமேல் காகிதத்தை விரித்து, ஆளுக்கொரு பிளாஸ்டிக் துணியைக் கழுத்தில் கட்டிவிட்டு, நடுவில் ஒரு பையைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். ஆவி பறக்கச் செக்கச்செவேலென்று கிராஃபிஷ் என்ற நன்னீர்ச் சிங்கியின் குவியல். இடையிடையே சோளக்கதிர்த் துண்டு, தோலோடு வெந்த உருளைக்கிழங்கு, முழுப்பூண்டு. ஸ்பூன் கிடையாது.

எதிரே என் மேலாளர். லூசியானாவின் லஃபாயெட் ஊர்க்காரர். "தலையை ஒரு கையில் பிடி, வாலை மறுகையில் பிடி, முறுக்கி இழு" என்று பாடம் எடுத்தார். வாலோட்டின் முதல் வளையத்தை உரித்துவிட்டு நுனியைப் பிதுக்கினால் சதை நழுவி வருகிறது, விரல் நுனியளவு. ஒரு கிலோவை உரித்தால் நூற்றைம்பது கிராம் தேறும், அவ்வளவுதான். தலையை ஒதுக்கப் போனேன். தடுத்தார். அதனுள் இருக்கும் மஞ்சள் கொழுப்பில்தான் ருசி என்று சொல்லி, பக்கத்து மேசைக்குக் கேட்கும்படி உறிஞ்சினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு மட்டும் கை நின்றது. ஒரு வருஷமாக அலுவலகத்தில் தயிர்சாதத்தைக்கூட ஸ்பூனால் சாப்பிட்டு வந்தவன் நான்.

அந்தச் சத்தம் எனக்குப் புதிதல்ல. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் என் அப்பாயி வயல்நண்டுக் காலை இப்படித்தான் கடித்து உறிஞ்சுவாள். நடவுக்குப் போய்த் திரும்பும்போது வரப்பு வளையில் கைவிட்டுப் பிடித்துவந்து, மிளகும் பூண்டும் அம்மியில் தட்டிப் போட்டு ரசம் வைப்பாள். ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் என் தூக்குவாளியைத் திறந்ததும் பக்கத்துப் பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனான். யார் வீட்டில் வயல்நண்டு வேகும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அன்றோடு வயல்நண்டை விட்டேன்.

கிராஃபிஷும் வயல்வாசிதான். லூசியானாவில் நெல் அறுத்த வயலில் தண்ணீர் கட்டி அதை வளர்க்கிறார்கள். வளை தோண்டிக் குடியிருப்பதிலும் நம் நண்டுக்கு உறவுதான். ஒரு காலத்தில் அது கேஜன் ஏழைகளின் சாப்பாடு. 1755 முதல் ஆங்கிலேயர் கனடாவின் அகேடியாப் பகுதியிலிருந்து துரத்திய பிரெஞ்சுக் குடியானவர்களின் வாரிசுகளே கேஜன் மக்கள். லூசியானா வரை அவர்கள் பின்னாலேயே வந்த சிங்கி இறால்கள் நடந்து நடந்து இளைத்துத்தான் கிராஃபிஷ் ஆகிவிட்டன என்று ஒரு கதையும் வைத்திருக்கிறார்கள்.

மேலாளரின் தாத்தாவைப் பள்ளியில் பிரெஞ்சு பேசியதற்காக முழங்கால் போட வைத்தார்களாம். 1921-இல் வந்த மாநில அரசியல் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தில்தான் பாடம் என்று ஆக்கியிருந்தது. அதே மாநிலம் 1959-இல் ப்ரோ பிரிட்ஜ் என்ற சிற்றூரை 'உலகின் கிராஃபிஷ் தலைநகர்' என்று அறிவித்தது. 1968-இல் பிரெஞ்சை வளர்க்க ஓர் அமைப்பையும் உண்டாக்கியது. இடைப்பட்ட காலத்தில் கிராஃபிஷும் மாறவில்லை, மொழியும் மாறவில்லை. பார்த்தவர்களின் கண் மாறியது.

முதலில் இது எனக்கு ஆறுதலாக இருந்தது. இன்று கூசவைப்பது நாளை பெருமையாகும், பொறுத்திரு என்பதுபோல. யோசிக்க யோசிக்க அந்த ஆறுதல் கரைந்தது. பிறர் முகம் சுளித்ததால் வந்தது என் கூச்சம். பிறர் காசு கொடுத்துக் கொண்டாடுவதால் வருகிறது இந்தப் பெருமை. இரண்டின் சாவியும் வேறொருவர் இடுப்பில்தானே தொங்குகிறது? அப்பாயிக்குக் கூச்சமும் இருந்ததில்லை, பெருமையும் இருந்ததில்லை. பசித்தது, ருசித்தது, உறிஞ்சினாள்.

ஒரு தலையை எடுத்து உறிஞ்சினேன். மிளகாய்க் காரம் உதட்டில் ஏறி, மூக்கில் நீர் கொட்டியது. காரத்துக்கு அடியில், அடையாளம் தெரிகிற ஒரு சேற்று வாசனை.

இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"அங்கேயும் வயல்நண்டு திங்கிறாங்களா? விலைக்கா?"

"கிலோ ஆயிரத்துக்கு மேலம்மா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தாள். "ஒங்க அப்பாயி சும்மா புடிச்சாந்து போட்டப்ப வேணாம்னு தட்டிவிட்டியேடா."

அந்த ரசத்துக்கு மிளகு எவ்வளவு என்று கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. அவளும் அதை என்றைக்கோ விட்டிருந்தாள்.