கட்டுங் கையும் காக்குங் கையும்

உயிருள்ள ஒன்றை நம் கருத்திற்கு இயைய வெட்டியும் வளைத்தும் உருவாக்குதல் அறத்தின்பாற் படுமோ, மறத்தின்பாற் படுமோ என்பது எளிதில் விடையிறுக்கலாகா வினாவாகும். கல்லைச் செதுக்குவானை நாம் வினவுவதில்லை. மண்ணைப் பிசைவானையும் வினவுவதில்லை. என்னை? அவை அறிவில் பொருள்களாகலின். மரமோ உயிருடையது. தளிர்க்கும், வாடும், புண்பட்டவிடத்துத் தோல் மூடிப் புண் ஆற்றும். அத்தகையதனைச் சிற்பி கல்லைக் கொள்ளுமாறு கொள்ளலாமோ?

சின்னாட்களுக்கு முன், எம்மிடத்து முன்னர்ப் பாடங்கேட்ட அன்பரொருவர் ஒரு நிழற்படங் கொணர்ந்து காட்டினார். ஆழமில்லாத ஒரு தொட்டியிலே, பருத்து வெடித்த அடியும், குடைபோற் கவிந்த பசுந்தழையும் உடைய முதிய பைன் மரமொன்று நின்றது. காட்டிலே ஓங்கற்குரிய அம்மரம் ஒருவர் எட்டித் தொடும் உயரத்தில் அடங்கியிருந்தது. அதன் அகவை நானூறு என்றார் அன்பர். உடனிருந்த இருவருள் ஒருவர், 'என்னே அழகு!' என்றார், மற்றவர், 'என்னே கொடுமை!' என்றார். இருவர் கூற்றும் எம் நெஞ்சைப் பற்றின. அவற்றுள் எது கொள்ளற்பாலது என ஆராய்தலே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

அப்படத்திற் கண்ட கலைக்குப் போன்சாய் என்பது பெயர். இஃது ஜப்பானியச் சொல். இதன் முற்பகுதி தாழ்ந்த தொட்டியையும், பிற்பகுதி நட்டு வளர்த்தலையும் குறிக்கும். இக்கலை சீனத்திற் பிறந்து ஜப்பானிற் சிறந்தது. சீனத்திலே 706ஆம் ஆண்டில் அமைந்த சாங்குவாய் இளவரசன் கல்லறையின் சுவரோவியத்தில், கல்லுஞ் செடியும் வைத்த தட்டத்தை ஏந்திய ஏவலர் உருவங் காணப்படுகின்றது. ஜப்பானிலே 1309ஆம் ஆண்டைச் சார்ந்த கசுகா கோயிற் சித்திரச் சுருளில் தொட்டி மரங்கள் வரையப்பட்டுள்ளன. 1923ஆம் ஆண்டு நிகழ்ந்த பெரு நிலநடுக்கத்தால் தோக்கியோ நகரம் அழிந்தபோது, ஆண்டு இத்தொழில் செய்து வந்தாருட் சிலர் நல்ல நீரும் காற்றும் நாடி ஓமியாவிற்குக் குடிபெயர்ந்து, 1925இல் தமக்கென ஒரு சிற்றூரே கண்டனர். அவ்வூர் இன்றும் உளது.

இம்மரங்கள் இயல்பிலே குள்ளமான சாதி என்றும், பட்டினி போட்டுக் குறுக்கப்பட்டவை என்றும் பலர் கருதுகின்றனர். இரண்டும் பொருந்தா. காட்டில் ஓங்கும் மரம் யாதோ அதுவே தொட்டியிலும் நிற்பது. அதன் வித்தை நிலத்தில் ஊன்றின் பெருமரமாகவே வளரும். பட்டினியாற் குறுகிய மரம் நோயுற்று மடியுமேயன்றி நூற்றாண்டு வாழாது. உண்மை முறை வேறு. கொம்பின் நுனியிலே ஆக்சின் என்னும் வளர்ச்சிப்பொருள் சுரந்து, கீழுள்ள மொட்டுக்களை அடக்கி வைக்கும். நுனியைக் கிள்ளின் அவ்வடக்கம் நீங்கிப் பக்க மொட்டுக்கள் கிளைக்கும். சில ஆண்டிற்கொருமுறை மரத்தைத் தொட்டியினின்றெடுத்துப் பருவேரை நறுக்கின், நீருணவு கொள்ளுஞ் சல்லிவேர்கள் மிகும். கிளையிலே செப்புக்கம்பியோ அலுமினியக் கம்பியோ சுற்றி வளைத்தாற் சில திங்களில் மரம் அவ்வளைவைத் தன்னதாக்கிக் கொள்ளும். இலை சிறுக்கும்; ஆயினும் பூவும் கனியும் சிறுத்தல் இல்லை. முழங்கால் உயர மரத்திலே தொங்கும் கனி, தோட்டத்து மரத்திற் கனிந்ததன் அளவினதேயாம். இந்நுட்பம் நினைவிற் கொள்ளற்பாலது.

இனி, இக்கலையை மறுப்பார் கூற்றை அவர் வாயாலேயே கேட்பாம். சீனத்திலே கொங் சிசென் என்னும் புலவர் (1792–1841) 1839ஆம் ஆண்டில் நோயுற்ற பிளம் மரங்களைப் பற்றிய உரையொன்று வரைந்தார். அக்காலத்துக் கலைவாணர் கோணலையும் ஒல்லியையுமே அழகென்று கொண்டனர். அதனை அறிந்த வணிகர் நேரிய கொம்பை வெட்டியும், செறிந்த கிளையைக் களைந்தும், இளந்தளிரைக் கொன்றும் பொருளீட்டினர். புலவர் முந்நூறு தொட்டிகளை விலைகொடுத்து வாங்கினார். ஒன்றேனும் நோயற்றதாக இல்லை. மூன்று நாள் அழுதார். பின்னர்த் தொட்டிகளை உடைத்து, மரங்களை மண்ணில் நட்டு, நார்க்கட்டுக்களை அவிழ்த்து, ஐந்தாண்டில் அவற்றை நலப்படுத்துவதாக உறுதி பூண்டார். அறிவுடை மக்களை ஒரே அச்சில் வார்த்து முடமாக்கிய அக்காலத்து அரசியலை நொந்தே அவர் இங்ஙனங் கூறினார் என்பர். ஆகலின் அவர் வினா மரத்தோடு நிற்பதன்று. மக்களைத் திருத்துவார் அனைவரையும் நோக்கியதாகும்.

அவர் பக்கத்தினின்று எழுங் கடாக்கள் மூன்று. மரத்திற்கு நோவு உண்டாகலின் இது கொடுமை என்பது முதலாவது. இயற்கையைத் திரிக்கின்றமையிற் குற்றம் என்பது இரண்டாவது. மரத்தின் நலங் கருதாது காண்பான் கண்ணின்பங் கருதிச் செய்தலின் தன்னலம் என்பது மூன்றாவது.

முதலாவதற்கு விடை வருமாறு: தொல்காப்பியனார் மரபியலிலே புல்லும் மரமும் ஓரறிவுயிர் எனப்பட்டன, அவ்வறிவு உற்றறிதலாம். இக்காலத்து மரநூலாரும், மரம் ஒளியையும் தீண்டலையும் வெட்டையும் உணர்ந்து எதிர்வினை புரியும் என்பர். ஆயினும் நம்மனோர்போல நோவுணர்தற்குரிய நரம்பும் மூளையும் அதற்கில்லை. ஆகவே விலங்கைக் கட்டி வருத்துதலோடு இதனை ஒப்பவைத்தல் மிகையாம். அற்றேல் எதுவுஞ் செய்யலாமோ எனின், ஆகாது. உணர்வு சிறிதென்பது நம் பொறுப்பைச் சிறிதாக்காது. பேசமாட்டாத உயிரிடத்து விழிப்பு மிகவே வேண்டும்.

இரண்டாவதற்கு, 'மலைமுகட்டிலே காற்றும் பனியும் மரத்தை வளைக்கவில்லையோ? அவ்வடிவத்தையே யாமும் பார்த்துச் செய்கின்றோம்' என்று இக்கலையாளர் விடை கூறுவர். காற்றிலே ஒருபுறஞ் சாய்ந்த வடிவும், பாறையினின்று கீழ்நோக்கித் தொங்கும் வடிவும் அவர் வகுத்த வடிவுகளுட் சில. ஆயினும் இவ்விடையை யாம் முற்றும் ஏற்கின்றிலேம். காற்று செய்தது என்பது நாம் செய்தற்கு நியாயமாகாது. காற்றிற்கு அறமும் இல்லை, பழியும் இல்லை. அறிந்து செய்வானுக்கு இரண்டும் உள.

மூன்றாவது கடாவே வலியது. யார்பொருட்டு இவ்வெட்டும் கட்டும்? மரம் கேட்டதன்று, மரத்திற்கு வேண்டியதுமன்று. மனிதன் விருப்பே முதற்காரணம் என்பதை மறுத்தல் பொய்யாம். ஆயினும் ஆராய்ச்சி ஈண்டு நின்றுவிடலாகாது. விருப்பத்தாற் கட்டியவன் அதன்பின் என் செய்கின்றான் என்பதையும் நோக்குதல் வேண்டும்.

காட்டு மரம் தன் வேரால் நீர் தேடும். தொட்டி மரம் தேடமாட்டாது. வேனிலிலே ஒரு நாள் நீர் மறப்பின் பல்லாண்டு வாழ்ந்த மரம் வாடும். சிலபோது ஒரே நாளில் இருமுறை ஊற்றல் வேண்டும். ஆகலின் மரத்தைத் தொட்டியில் வைத்தவன் தன்னையும் அத்தொட்டியின் அருகே வைத்துக்கொண்டான். ஊர்ப்பயணம் அவனுக்கு எளிதன்று. நீர் ஊற்றக் கற்பதற்கே மூன்றாண்டு வேண்டும் என்பது அந்நாட்டுத் தொழிலாளர் வழக்கு. மண்ணின் நிறமும், காற்றின் ஈரமும், இலையின் செவ்வியும் நோக்கி ஒவ்வொரு மரத்திற்கும் வேண்டுமளவு ஊற்றுதல் எளிய செயலன்று. மேலும், இம்மரங்கள் மனிதனினும் நெடுங்காலம் வாழ்வன. தந்தை தொடங்கியதை மகன் காத்து, மகன் காத்ததைப் பெயரன் ஏற்றல் வேண்டும். கட்டப்பட்டது மரம் மட்டுமன்று. ஒரு குடியே அதனோடு கட்டுண்டது. கொங் புலவர் கண்ட வணிகரோ கட்டினர்; விற்றனர்; கைகழுவினர். அவர் குற்றம் கட்டியதினும் கைகழுவியதிலேயே மிகுதியும் உளது என்பது எம் துணிபு.

இரண்டாவதாக நோக்கற்பாலது கம்பியைக் கழற்றுதல். கிளை நாடோறும் பருக்கும், கம்பி பருக்காது. வளைவு நிலைத்த பின்னும் கம்பியை விட்டுவைப்பின் அது தோலிற் பதிந்து தழும்பாகும்; அத்தழும்பு பல்லாண்டு மறையாது. தேர்ந்தவர் கம்பியை உருவி எடுப்பதுமில்லை. உருவின் கிளை முறியுமென்று அஞ்சித் துண்டுதுண்டாக நறுக்கியே எடுப்பர். கம்பி சிறிது மலிவாயினும் ஆகுக, கிளை பெரிது என்பது அவர் கொள்கை. சுற்றத் தெரிந்தவன் பாதி தொழிலே அறிந்தான். கழற்றுங் காலம் அறிந்தவனே முழுத்தொழிலும் அறிந்தான்.

இவ்விடத்து எம் நெஞ்சு எம்மைச் சுடுகின்றது. யாம் இளமையிலே மடத்திற் பயின்ற காலத்து எம் ஆசிரியர் எம்மை நெடிது கட்டியே வைத்தார். மூலத்தை மனனஞ் செய்யாது உரையைத் தொடவிடார். ஒருநாள் யாம் எழுதிய பொழிப்பை வாங்கிப் படித்து, ஒரு புள்ளியும் மாற்றாது திருப்பித் தந்து, 'இனி நீயே பார்த்துக்கொள், அப்பா' என்றார். அன்று கம்பி கழன்றது. யாம் ஆசிரியரானபோது அங்ஙனஞ் செய்தேமில்லை. இனிய செய்யுள் இயற்றும் மாணாக்கன் ஒருவன் எம்மிடம் வந்தான். யாப்புப் பிழையைத் திருத்தினேம், அது தக்கது. பிழையொழிந்த பின்னும் திருத்தினேம், சொல்லை மாற்றினேம், கருத்தையும் மாற்றினேம். ஈராண்டில் அவன் செய்யுள் எம் செய்யுள்போல் ஆயிற்று. மூன்றாம் ஆண்டில் அவன் எழுதுதலையே விட்டான். வினவியபோது, 'எதை எழுதினும் தங்கள் குரலே கேட்கின்றது, ஐயா' என்றான். யாம் அதனைப் புகழென்று மகிழ்ந்தேம். அது தழும்பு என்பது பல்லாண்டு கழிந்தே விளங்கிற்று. தொட்டி மரத்தின் கனியோ தன் அளவிற் குறைவதில்லை என்றேம். கட்டு உருவத்தைத் தொடலாம், கனியைத் தொடலாகாது. யாம் கனியைத் தொட்டேம்.

மூன்றாவதாக நோக்கற்பாலது விட்டுக்கொடுத்தல். ஜப்பானியர் நடிக்கும் நோ நாடகங்களுள் தொட்டி மரங்களின் பெயரே பூண்டது ஒன்றுண்டு. நிலம் இழந்து வறுமையுற்ற வீரன் ஒருவன், செல்வக் காலத்துத் தான் வளர்த்த பல மரங்களுள் பிளம், செர்ரி, பைன் என்னும் மூன்றையே எஞ்ச வைத்திருந்தான். பனி பொழியும் இரவிலே துறவியொருவர் வந்தார். குளிர்காயச் சுள்ளியில்லை. வீரன் அம்மூன்று மரங்களையும் வெட்டி எரித்து விருந்தினரைக் காத்தான். துறவி வேடத்தில் வந்தவர் நாட்டையாண்ட ஹோஜோ தோக்கியோரி என்பதும், பின்னர் அவர் மூன்று மரங்கட்கு மூன்று ஊர்கள் அளித்தார் என்பதும் கதை. பரிசில் ஒருபுறங் கிடக்க. தான் உயிர்போற் போற்றியதனைப் பிறவுயிர் வேண்டியபோது அவன் பற்றிக்கொண்டிருக்கவில்லை என்பதே ஈண்டுக் கருதற்பாலது.

இது கதையாயினும், தொடக்கத்திற் கூறிய நிழற்படத்து மரத்தின் செய்தி கதையன்று. அம்மரம் 1625ஆம் ஆண்டு முதற் பயிற்றப்பட்டு, ஹிரோஷிமா நகரத்து யமாகி குடியினராற் காக்கப்பட்டு வந்தது. 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் அந்நகரின்மீது அணுகுண்டு வீழ்ந்தபோது, அவர் இல்லம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. மரம் ஒரு மதிலின் மறைவில் நின்றமையால் தப்பியது. 1976ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் இருநூறாம் ஆண்டு விழாவிற்கு ஜப்பானியர் 53 மரங்களை நன்கொடையாக விடுத்தபோது, மசாரு யமாகி என்பார் இம்மரத்தைக் கொடுத்தார். அஃது இன்று வாஷிங்டனிலுள்ள தேசிய மரப்பூங்காவில் உளது. தம் நகரை எரித்த நாட்டிற்கே அவர் அதனை அளித்தார். எரிந்த செய்தியைக் கொடையோடு சேர்த்து உரைத்தாருமில்லை. 2001ஆம் ஆண்டில் அவர் பெயரர் இருவர் ஆண்டுச் சென்று கூறிய பின்னரே அம்மரம் குண்டிற்குத் தப்பியது என்பது அப்பூங்காவினர்க்குத் தெரிந்தது. தலைமுறை பல காத்த ஒன்றைப் பகைமை மறந்து ஈதற்கு எத்துணைப் பயிற்சி வேண்டும்! அவர் மரத்தைப் பயிற்றினார். மரமும் அவரைப் பயிற்றியது போலும்.

இம்மூன்றையும் தொகுத்து நோக்குவார்க்கு விடை புலனாம். கட்டுதல் ஒன்றே கொண்டு அறமென்றோ மறமென்றோ துணிதல் ஆகாது. கட்டியவன் தானும் கட்டுண்டானோ, காலமறிந்து கழற்றினானோ, வேண்டுழி விட்டுக்கொடுத்தானோ என்னும் மூன்றும் வினவல் வேண்டும். மூன்றும் உளவாயின் அது காப்பு. இலவாயின் அது கொடுமை. அழகிய பொருளென்று கருதி ஒரு தொட்டி மரத்தை வாங்கி, வெயில் புகா அறையில் வைத்துச் சில திங்களில் மடியவிடுவான், கம்பி ஒன்றுஞ் சுற்றாதவனாயினும் கொடியவனே.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சி நிற்கின்றது; அதனை மறைத்தல் நேர்மையன்று. மரம் உடன்பட்டதில்லை. மாணாக்கன் வாய்திறந்து 'தங்கள் குரலே கேட்கின்றது' என்றேனுங் கூறினான். மரம் அதுவுங் கூறாது. ஆதலால் எத்துணை அன்புடையானும், 'யான் செய்தது முற்றும் அறமே' என்று இறுமாத்தற்கு இடமில்லை. அவ்விறுமாப்பின்மையே அவன் கையை மெல்லியதாக வைத்திருக்கும்.

பாசம் என்னுஞ் சொல்லிற்குக் கயிறு என்பது பொருள். உலகவழக்கில் அன்பு என்றும் அச்சொல்லே வழங்குகின்றது. இரண்டும் ஒரு சொல்லில் அடங்கினமை, ஒன்று மற்றொன்றாக எளிதில் மாறும் என்பதை நமக்கு நினைவூட்டுகின்றது. மக்களை வளர்க்குந் தாய் தந்தையரும், மாணாக்கரைப் பயிற்றும் ஆசிரியரும் தத்தம் கையில் உள்ளது எது என்பதை நாடோறும் நோக்குவாராக. நேற்று அன்பாயிருந்தது இன்று கயிறாயிருத்தல் கூடும். அவ்வாறாயின், உருவி இழுக்காது, துண்டுதுண்டாக நறுக்கி, கிளை நோவாமல் எடுத்துவிடுக.